மாநாடு நடத்துவோருக்கான அவசரகால முன்னேற்பாடு: மண்டபம் பிடிப்பது முதல் பந்தல் பிரிப்பது வரை

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடியோ எடுப்பதற்காக இழுக்கப்பட்டிருந்த மின்கம்பியில் ஏற்பட்ட மின்கசிவே காரணம் என்று கூறப்பட்டது. அன்று உயிர்களைப் பறித்தவற்றுள் பெரும்பாலானவை அந்த ஒரு நாளுக்காக வந்து சேர்ந்தவை: பந்தல், விளக்கு, கம்பி, கூட்டம். மண்டபத்துக்கு உரிமம் இருக்கிறது, தீயணைப்புத் துறையின் சான்று இருக்கிறது என்று அமைப்பாளர்கள் அமைதி கொள்ளும்போது, இப்படி ஒரு நாளுக்காக வந்து சேர்பவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது. அந்தப் பொறுப்பு நிகழ்ச்சியை நடத்துபவருடையது.

இந்த வழிகாட்டிக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: சென்னையில், நவம்பர் மாதத்தில், 800 பேர் பங்கேற்கும் இரண்டு நாள் மாநாடு; உள்ளே பெரிய அரங்கு, வெளியே பந்தலில் சாப்பாடு, முதல் நாள் காலையில் சிறப்பு விருந்தினர் வருகை. கல்லூரிக் கருத்தரங்கு, சங்க ஆண்டு விழா, புத்தக வெளியீடு என எதுவானாலும் அளவு மாறுமே தவிர, வேலைகள் பெரும்பாலும் இவையே.

முதல் படி: நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

பெரும்பாலான விழாக் குழுக்களில் வரவேற்பு, உணவு, மேடை, விளம்பரம் என எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் இருப்பார். பாதுகாப்புக்கு மட்டும் "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வது என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். குழுவின் முதல் கூட்டத்திலேயே ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகவும் இன்னொருவரை அவருக்கு மாற்றாகவும் நியமித்து, "யாரையும் கேட்காமல் நிகழ்ச்சியை நிறுத்தவும் அரங்கைக் காலி செய்யச் சொல்லவும் இவருக்கு அதிகாரம் உண்டு" என்ற ஒரு வரியைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இந்தப் பொறுப்பை மாநாட்டுத் தலைவரிடமோ செயலாளரிடமோ கொடுக்க வேண்டாம். அவர்கள் அவசர நேரத்தில் மேடையில் இருப்பார்கள், அல்லது விருந்தினரின் காருக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அமைச்சரோ துணைவேந்தரோ பேசிக்கொண்டிருக்கும்போது மைக்கை வாங்கும் துணிவு உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். பதவியைவிட இந்த இயல்பே முக்கியம். மற்றவர்களுக்கு மூத்தவராகவும் மேடை ஆசை இல்லாதவராகவும் இருந்தால் மிக நல்லது. அப்படிப்பட்டவர் எல்லா ஊர்களிலும் ஒருவராவது இருப்பார்.

இரண்டாம் படி: மண்டபத்தை நடந்து பாருங்கள்

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாதுகாப்புப் பொறுப்பாளர் மண்டபத்துக்கு இருமுறை செல்ல வேண்டும்: ஒருமுறை பகலில், மற்றொருமுறை நிகழ்ச்சி முடியும் நேரத்தில், அதாவது இருட்டிய பிறகு. கையில் அளவு நாடா, தாள், பேனா போதும்.

முதலில் கதவுகள். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்தபின் கிடைக்கும் அகலம் எவ்வளவு, அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்காக வகுக்கப்பட்ட வழிகாட்டி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேரும் படிக்கட்டில் 66 பேரும் வெளியேற முடியும் என்று கணக்கிடுகிறது. நமது எடுத்துக்காட்டு அரங்கில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கதவுகள் இரண்டு இருந்தால், நிமிடத்துக்கு 246 பேர் வீதம் 800 பேரும் வெளியேற மூன்றேகால் நிமிடம் ஆகும். ஒரு கதவு பூட்டியிருந்தால் ஆறரை நிமிடம். இதுவும் யாரும் தடுமாறாமல், புகை இல்லாமல், எல்லாரும் உடனே எழுந்து நடந்தால் கிடைக்கும் கணக்கு. 2003-இல் அமெரிக்காவின் ரோட் தீவில் ஓர் இசைக் கூடத்தில் வாணவேடிக்கையால் மூண்ட தீ 100 பேரைக் கொன்றபோது, சுமார் ஒன்றரை நிமிடத்திலேயே அடர்ந்த புகை அரங்கை மூடிவிட்டது. வேறு கதவுகள் இருந்தும் பலர் தாம் உள்ளே வந்த முன்வாசலையே நோக்கி ஓடி, அங்கேயே நெரிந்து சிக்கினர். வந்த வழியே திரும்பிப் போவது மனித இயல்பு. அதை மாற்ற வேண்டுமானால், மற்ற கதவுகள் இருக்கும் இடத்தை நிகழ்ச்சி தொடங்கும்போதே அவையினருக்குச் சொல்லியாக வேண்டும்.

பூட்டைப் பற்றி ஓர் அனுபவம். நான் உதவியாளனாக இருந்த ஒரு கருத்தரங்கில், பின்பக்கக் கதவின் சாவி வாட்ச்மேனிடம் இருப்பதாகச் சொன்னார்கள். வாட்ச்மேன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. அன்று தீ எதுவும் இல்லை, ஒரு புத்தகப் பெட்டியை உள்ளே கொண்டுவரத்தான் கதவு தேவைப்பட்டது. அன்றிலிருந்து எந்த மண்டபமாக இருந்தாலும், நிகழ்ச்சி நடக்கும் நேரம் முழுவதும் எல்லாக் கதவுகளும் பூட்டின்றி இருக்க வேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். செருப்பு திருடு போகும், வெளியாட்கள் நுழைவார்கள் என்று நிர்வாகம் மறுத்தால், அந்தக் கதவில் ஒரு தன்னார்வலரை உட்கார வையுங்கள்.

பிறகு ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்ப இடம் உண்டா, தாழ்வான மின்கம்பியோ அலங்கார வளைவோ தீயணைப்பு வண்டியைத் தடுக்குமா, முதன்மை மின்சுவிட்ச் எந்த அறையில், ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் போகிறது, எந்த மூலையில் கைப்பேசிக்கு சிக்னல் இல்லை என்று பாருங்கள். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு தேங்கும் என்பதை மண்டப மேலாளரிடம் கேட்க வேண்டாம். எதிரிலுள்ள டீக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

கடைசியாக, கூடுமிடம். அரங்கைக் காலி செய்தபின் 800 பேரும் நிற்க, கட்டடத்திலிருந்து போதிய தொலைவில், வண்டிகள் வரும் வழியை மறிக்காத திறந்தவெளி தேவை. வாகன நிறுத்துமிடத்தைப் பலர் குறித்துவிடுகிறார்கள். அப்போது எல்லாரும் தத்தம் வண்டியை எடுக்க முயல்வார்கள், தீயணைப்பு வண்டி வாசலில் நிற்கும். பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குவது நல்லது.

மூன்றாம் படி: என்னென்ன நடக்கலாம்?

பயப்படத் தக்கதையும் நடக்கத் தக்கதையும் பிரித்தறிவதே இந்தப் படியின் வேலை. குண்டு மிரட்டல் தொலைபேசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அறுபது வயதைக் கடந்த பங்கேற்பாளர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்று பேசாத குழுக்கள் உண்டு. 800 பேர் இரண்டு நாள் கூடும் இடத்தில் மயக்கம், நெஞ்சுவலி, வலிப்பு, சர்க்கரை குறைதல், கீழே விழுதல் ஆகியவையே மற்ற எதையும்விட வாய்ப்பு அதிகமுள்ளவை. அடுத்து உணவால் வரும் வயிற்றுக்கோளாறு, மின்தடை, மழை. தீயும் நெரிசலும் அரிதானவை. ஆனால் நடந்தால் மீள முடியாதவை என்பதால் அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மிரட்டல் வந்தால் நீங்களே சோதனையிட முனையாதீர்கள். சொல்லப்பட்ட வார்த்தைகளையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு காவல்துறையை அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

நான்காம் படி: மருத்துவ ஏற்பாடு

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் சேவை இயங்குகிறது, காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவான எண் 112, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த எண்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, மண்டபத்தின் சரியான முகவரியும் அடையாளச் சின்னமும். எனவே ஒவ்வொரு தன்னார்வலரின் அடையாள அட்டைக்குப் பின்புறமும் எண்களோடு முகவரியையும், "இன்ன கோயிலுக்கு எதிர்த் தெரு, இரண்டாவது வாசல்" என்பது போன்ற வழிக்குறிப்பையும் அச்சிடுங்கள். 108-ஐ அழைத்தவுடன் ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்க வேண்டும். அவர் யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதயத் துடிப்பு திடீரென நின்றவருக்கு மார்பழுத்தம் கொடுக்கப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், அவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. ஆம்புலன்ஸ் பத்தே நிமிடத்தில் வந்தாலும், அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது. ஆகவே தன்னார்வலர்களில் பத்துப் பேருக்காவது மார்பழுத்த முதலுதவிப் பயிற்சி கொடுங்கள்: மார்பின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அருகிலுள்ள மருத்துவமனையோ செஞ்சிலுவைச் சங்கக் கிளையோ இதைக் கற்றுத்தர முன்வரக்கூடும். ஏஇடி எனப்படும் மின்னதிர்வுக் கருவியை வாடகைக்குப் பெற முடிந்தால், அதைப் பூட்டிய அறையில் வைக்காமல் பதிவு மேசையருகே அனைவர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

உணவுக்கு வருவோம். சமையல் ஒப்பந்தக்காரரிடம் எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வேளை உணவிலும் ஒவ்வொரு பதார்த்தத்தில் சிறிதளவு எடுத்து, தேதியும் நேரமும் ஒட்டிக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். நாற்பது பேருக்கு வாந்தி என்று செய்தி வரும்போது, எது காரணம் என்று கண்டறிய மருத்துவருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அதுவே கைகொடுக்கும். ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார், பொருட்படுத்த வேண்டாம்.

பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: அவசரத்தில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், நடமாட்டத்திலோ பார்வையிலோ கேட்பதிலோ உதவி தேவையா. சக்கர நாற்காலியில் வருபவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு தன்னார்வலர்களைப் பெயர் குறித்து ஒதுக்குங்கள். தீ நேரத்தில் லிஃப்ட் பயன்படாது. அவர் மேல்தளத்தில் இருந்தால் எப்படி இறக்குவது என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டு முடிவு செய்யுங்கள். முடிந்தால் அவர் பங்கேற்கும் அமர்வைத் தரைத்தளத்துக்கே மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டம்

இருக்கை எண்ணிக்கைக்குள் நடக்கும் மாநாட்டில் நெரிசல் எப்படி வரும் என்று தோன்றலாம். அரங்குக்குள் பெரும்பாலும் வராது, வாசலில் வரும். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழாவின்போது 11 பேர் இறந்தது மைதானத்துக்குள் அல்ல, அதன் வாயில்களுக்கு வெளியே. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் வெயிலாலும் நெருக்கடியாலும் இறந்தனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், மணிக்கணக்கில் காத்திருந்த பெருங்கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். காத்திருக்கும் கூட்டமே களைத்துப்போகும் கூட்டம். தாமதம் என்பது நேர ஒழுங்கு பற்றிய குறை மட்டுமல்ல, பாதுகாப்புக் குறையும்கூட.

கண்ணால் அளக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு பேர் நின்றால் ஒருவரை ஒருவர் விலக்கி நடக்க முடியும். ஐந்தைத் தாண்டும்போது தோள்கள் உரசத் தொடங்கும். ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் யாருடைய கால்களும் அவரவர் வசம் இருக்காது; கூட்டம் நீரலை போல அசையும், ஓரிடத்தில் விழுந்தவர்மேல் அடுத்தவர் விழுவார். அப்போது பலர் இறப்பது மிதிபட்டு அல்ல, நெஞ்சு விரிய இடமின்றி மூச்சடைத்து. அலை தொடங்கிய பிறகு "தள்ளாதீர்கள்" என்று கத்துவதில் பயனில்லை, ஏனெனில் பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. கூட்டத்தின் பின்புறத்தை நிறுத்துவதே ஒரே வழி. எனவே திரைக் கலைஞரோ பெருந்தலைவரோ வருவதாக இருந்தால், வாசலுக்கு வெகுதூரத்திலேயே வரிசையைத் தடுத்து நிறுத்த ஆள் போடுங்கள். விருந்தினர் நுழையும் வழியையும் மக்கள் நுழையும் வழியையும் முற்றிலும் பிரித்துவிடுங்கள். பதிவு மேசையை வாசலுக்கு நேரே போடாதீர்கள். இலவசப் பையை அங்கே கொடுக்கவும் வேண்டாம். அதை மாலையில், இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஆறாம் படி: மின்சாரமும் தீயும்

1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் டப்வாலியில் பள்ளி ஆண்டு விழா நடந்த செயற்கைத் துணிப் பந்தலில் தீப்பிடித்து 442 பேர் இறந்தனர். ஸ்ரீரங்கத்தில் கீற்று, டப்வாலியில் துணி: தலைக்கு மேலே எரியும் பொருள், அருகே சூடான கம்பி, வெளியேறக் குறுகிய வழி. பந்தலை மூன்று பக்கமாவது திறந்து போடச் சொல்லுங்கள். அலங்காரத் துணி கதவுகளை மறைக்கக் கூடாது. பந்தலுக்கும் மேடைக்கும் தனித்தனி மின்சுற்று இருக்கட்டும். ஒலி, ஒளி, வீடியோ, எல்இடி திரை ஆகிய ஒவ்வொருவரும் எவ்வளவு மின்சுமை இழுக்கிறார்கள் என்று எழுதி வாங்கி, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை இரண்டு நாளும் அங்கேயே இருக்க வையுங்கள். கேஸ் சிலிண்டர்கள் பந்தலுக்கு வெளியே, கதவுகளிலிருந்து விலகி இருக்க வேண்டும். சமையலிடத்திலும் மேடைக்குப் பின்னும் ஜெனரேட்டர் அருகிலும் தீயணைப்பான் வையுங்கள். மின்கருவிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு வகை ஏற்றது. எண்ணெய்ச் சட்டியில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைச் சமையல் உதவியாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: மழை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் மாநாடு வைப்பவர், ஒத்திவைப்பதற்கான கெடுவையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் விமான நிலையமே மூடப்பட்டது. வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் குழு கூடிப் பேசும், சிவப்பு எச்சரிக்கை வந்தால் ஒத்திவைக்கும் என்று முன்பே எழுதி வையுங்கள். வெளியூரிலிருந்து வருபவர் ரயில் ஏறும் முன் செய்தி கிடைக்க வேண்டுமானால், முதல் நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் முடிவு வந்தாக வேண்டும். முன்பே எழுதி வைக்காத குழு, கட்டிய முன்பணத்தை நினைத்து நள்ளிரவு வரை முடிவெடுக்காது.

எட்டாம் படி: அறிவிப்பு

பலர் தடுமாறும் இடம் இது. உண்மையைச் சொன்னால் பீதி பரவும் என்று அஞ்சி, "சிறிய தொழில்நுட்பக் கோளாறு" என்று மேடையில் சொல்லிவிடுவார்கள். மக்களும் உட்கார்ந்தே இருப்பார்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் மூண்ட தீயில் 59 பேர் இறந்த வழக்கில், வெளியேறச் சொல்லும் அறிவிப்பு செய்யப்படாததும் கூடுதல் இருக்கைகள் வழியை மறித்ததும் நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெற்றன. மக்கள் கலைவதைவிட, கலையாமல் தயங்குவதே பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது.

அறிவிப்பு வாசகத்தை முன்பே எழுதி, அட்டையில் ஒட்டி மேடை மேசையில் வையுங்கள். இப்படி இருக்கலாம்: "அனைவரும் கவனியுங்கள். சமையல் கூடத்தில் தீ ஏற்பட்டுள்ளது. எல்லாரும் இப்போதே எழுந்து, உங்களுக்கு அருகிலுள்ள கதவு வழியாக வெளியே செல்லுங்கள். பைகளை எடுக்க வேண்டாம். ஓட வேண்டாம். பள்ளி மைதானத்தில் கூடுங்கள்." என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். வேற்று மொழியினர் இருந்தால் அவர்கள் மொழியிலும் அட்டை வேண்டும். மின்சாரம் போனால் மைக்கும் போகும். எனவே பேட்டரியில் இயங்கும் கை ஒலிபெருக்கி இரண்டு இருக்கட்டும்.

தன்னார்வலர்களின் தொடர்புக்கு வாட்ஸ்ஆப் குழுவை மட்டும் நம்ப வேண்டாம். 800 பேர் ஒரே இடத்தில் கைப்பேசி பயன்படுத்தும்போது செய்தி தாமதமாகும். ஆறு வாக்கி-டாக்கி வாடகைக்கு எடுப்பது பெரிய செலவில்லை.

ஒன்பதாம் படி: ஒத்திகை

ஒரு வாரம் முன்பு பொறுப்பாளர்கள் அனைவரும் ஒரு மணி நேரம் மேசையைச் சுற்றி உட்காருங்கள். "முதல் நாள் காலை பதினொன்றே கால், சிறப்பு விருந்தினர் பேசுகிறார், பந்தலிலிருந்து புகை வருகிறது, யார் முதலில் பார்க்கிறார், யாரிடம் சொல்கிறார், மைக்கை யார் வாங்குகிறார்?" என்று பாதுகாப்புப் பொறுப்பாளர் கேட்க, ஒவ்வொருவரும் தம் வேலையைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே வேலையைச் சொல்வதும், ஒரு வேலையை யாருமே சொல்லாததும் அங்கே வெளிப்படும். முந்தைய நாள் மாலையில் தன்னார்வலர்களை ஒவ்வொரு கதவு வழியாகவும் கூடுமிடம் வரை நடக்கச் செய்யுங்கள். சொல்லிக் கொடுப்பது மறந்துபோகும், நடந்த வழி நினைவில் நிற்கும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் நிகழ்ச்சி விவரத்தை எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நாளும் அதற்குப் பிறகும்

காலையில் வாசல் திறப்பதற்கு முன் பொறுப்பாளர் எல்லாக் கதவுகளையும் தம் கையாலேயே திறந்து பார்க்கட்டும். குத்துவிளக்கு ஏற்றும் முன், தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தவுடன், கதவுகள் எங்கே, முதலுதவி எங்கே என்று ஒரு நிமிட அறிவிப்பு செய்யுங்கள். பங்கேற்பாளர் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று கட்டடத்துக்கு வெளியே, வாசல் தன்னார்வலரிடம் இருக்க வேண்டும். மடிக்கணினி எரியும் அரங்குக்குள் இருந்தால் பட்டியல் பயன்படாது.

அசம்பாவிதம் ஏதும் நடந்துவிட்டால், கூடுமிடத்தில் பட்டியலை வைத்து ஆள் கணக்கெடுத்து, காணாதவர் பெயரைத் தீயணைப்புக் குழுவிடம் கொடுங்கள். நீங்கள் திரும்ப உள்ளே போகாதீர்கள். செய்தியாளர்களிடம் ஒருவர் மட்டுமே பேசட்டும். குடும்பத்தினருக்குத் தகவல் சென்ற பிறகே பெயர்கள் வெளியே சொல்லப்பட வேண்டும். காயமுற்றவரைப் படமெடுக்கும் தன்னார்வலரை அங்கேயே தடுத்துவிடுங்கள். யார், எப்போது, என்ன முடிவெடுத்தார் என்பதை நேரத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வர ஒருவரை உட்கார வையுங்கள்.

எதுவும் நடக்காமல் இரண்டாம் நாள் மாலை நன்றியுரை முடிந்தாலும், முதலுதவிக் குழுவை உடனே அனுப்பிவிட வேண்டாம். பந்தல் பிரிப்பவர்களும் விளக்கு இறக்குபவர்களும் இரவில், அவசரத்தில், பாதி அணைந்த வெளிச்சத்தில் ஏணி மேல் நிற்கும் நேரம் அது. கடைசிக் கம்பம் லாரியில் ஏறிய பிறகு, மின்பணியாளர் முதன்மை சுவிட்சை அணைத்ததைப் பார்த்துவிட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளர் மண்டபத்தின் சாவியைத் திருப்பிக் கொடுக்கட்டும்.